வட்டிக் கட்டத்தைப் பூட்டுங்க அக்கா

நூற்றுக்கு ஒரு ரூபாய் வட்டி. கடன் 24,000. மாதாமாதம் 2,000 அசல் கட்டினால் ஒரு வருஷத்தில் கடன் தீர்ந்துவிடும். வட்டி முதல் மாதம் 240, அடுத்த மாதம் 220, அதற்கடுத்து 200 என்று இறங்கி இறங்கிக் கடைசி மாதம் 20 ரூபாயில் வந்து நிற்கும். கூட்டிப் பார்த்தால் 1,560. பென்னாகரம் பக்கத்தில் ஒரு மகளிர் குழுவின் எக்ஸெல் தாளில் ஓர் உறுப்பினருக்கு இந்த வட்டி நாலு மாதமாக 240-லேயே நின்றுகொண்டிருந்தது. 840 கட்டியிருக்க வேண்டியவர் 960 கட்டியிருந்தார். இப்படியே கடைசி மாதம் வரை போயிருந்தால் 1,560-க்குப் பதில் 2,880 போயிருக்கும்.

யாரும் கை வைக்கவில்லை. அதாவது, கெட்ட எண்ணத்தோடு யாரும் கை வைக்கவில்லை. கணக்கு எழுதுகிற அக்கா ஒருநாள் பஸ்ஸில் போகும்போது செல்போனில் அந்தத் தாளைத் திறந்திருக்கிறார். விரல் பட்டு வட்டிக் கட்டம் காலியாகிவிட்டது. "அடடா, அழிஞ்சு போச்சே" என்று 240 என்று தாமே அடித்துவிட்டார். அந்த மாதத்துக்கு எண் சரிதான். ஆனால் அங்கே இருந்தது எண் இல்லை, 'நிலுவையில் நூற்றுக்கு ஒன்று' என்கிற ஃபார்முலா. அது போய் வெறும் 240 உட்கார்ந்துகொண்டது. அடுத்த மாதத் தாளை இந்தத் தாளிலிருந்து நகல் எடுத்தார்கள். அதற்கடுத்த மாதமும் அப்படியே.

கண்டுபிடித்தது கடன் வாங்கிய அக்காதான். "அசல் கொறையுது, வட்டி ஏன் கொறைய மாட்டேங்குது?" என்று கூட்டத்தில் கேட்டிருக்கிறார். பதில் சொல்ல யாருக்கும் தெரியாமல் பென் டிரைவோடு என் கடைக்கு வந்தார்கள். ஜெராக்ஸ், வில்லங்கச் சான்று, பட்டா, ஆன்லைன் அப்ளிகேஷன் என்று எல்லாம் நடக்கிற கடை. எக்ஸெல் வைத்தியமும் அதில் சேர்த்தி.

அந்தக் கட்டத்தின் மேல் மவுஸை வைத்துச் சொடுக்கியதும் மேலே ஃபார்முலா பட்டையில் 240 என்று மட்டும் வந்தது. அதற்குக் கீழ்க் கட்டத்தைத் தொட்டால் `=E8*1%`. தாளில் பார்த்தால் இரண்டுக்கும் ஒரு வித்தியாசமும் இல்லை. எக்ஸெல்லில் எனக்குப் பிடிக்காத குணம் இதுதான். கணக்குப் போட்டு வந்த எண்ணும் கையால் அடித்த எண்ணும் ஒரே சட்டை போட்டுக்கொண்டு நிற்கும்.

இதைப் பற்றி விரிவாக எழுத ஒரு காரணம் உண்டு. தமிழ்நாட்டில் மகளிர் சுயஉதவிக் குழுக்கள் தொடங்கியதே நம் தர்மபுரியில்தான். 1989-இல் ஐஃபாட் என்கிற சர்வதேச வேளாண் வளர்ச்சி நிதியத்தின் உதவியோடு, தமிழ்நாடு மகளிர் மேம்பாட்டு நிறுவனம் முதலில் இந்த மாவட்டத்தில்தான் குழுக்களை ஆரம்பித்தது. அப்போது கிருஷ்ணகிரியும் நம்மோடு சேர்ந்தே இருந்தது, பிரிந்தது 2004-இல். மற்ற மாவட்டங்களுக்குப் போனது, மகளிர் திட்டம் என்று பெயர் வந்தது எல்லாம் பிறகுதான். நபார்டு வங்கி குழுக்களை வங்கிக் கடனோடு இணைக்கத் தொடங்கிய 1992-க்கும் இது முந்தியது. அதனால் குழுக் கணக்கில் நமக்குக் கொஞ்சம் சீனியாரிட்டி உண்டு என்று சொல்லிக்கொள்ளலாம்.

குழுக்களுக்குப் பஞ்ச சூத்திரம் என்று ஒன்று சொல்லிக்கொடுப்பார்கள். தவறாமல் கூட்டம், தவறாமல் சேமிப்பு, உள்கடன், காலத்தில் திருப்பிக் கட்டுவது, ஐந்தாவது ஒழுங்கான கணக்குப் புத்தகம். அந்தப் புத்தகங்களை நான் பார்த்திருக்கிறேன். தீர்மானப் புத்தகம், ரொக்கப் புத்தகம், சேமிப்புப் பேரேடு, கடன் பேரேடு, ஆளுக்கொரு பாஸ்புக். குழுவை நடத்துகிற பழைய ஊக்குநர் ஒருவரின் கடன் பேரேட்டில் ஒயிட்னர் தடவிய இடம் ஒன்றுகூட இல்லை. தப்பாக எழுதிய எண்ணின் குறுக்கே ஒரே ஒரு கோடு. பழைய எண் அடியில் தெளிவாகத் தெரியும். மேலே சரியான எண், பக்கத்தில் சுருக்கொப்பம். மாதம் முடிந்தால் கூட்டுத்தொகைக்குக் கீழே இரட்டைக் கோடு. அந்தக் கோட்டுக்கு மேலே இனி யாரும் பேனா வைக்கக் கூடாது.

அடித்தல் திருத்தல் இல்லாத கணக்கு என்று நாம் பெருமையாகச் சொல்வோம். எனக்கென்னவோ அடித்தல் திருத்தல் தெரிகிற கணக்கின் மேல்தான் நம்பிக்கை அதிகம். காகிதத்தில் திருத்தினால் தடயம் நிற்கும். எக்ஸெல்லில் 240 என்று அடித்து சேவ் செய்து மூடிவிட்டால், அதற்கு முன் அங்கே என்ன இருந்தது என்று அந்தத் தாள் சொல்லாது. தடயம் வைக்காத புத்தகம் என்றால் எழுதும் இடத்தைத்தான் குறுக்க வேண்டும். பூட்டின் வேலை அதுதான்.

(இடைச்செருகல் ஒன்று. ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கைப்படி 1792-இல் திப்புவிடமிருந்து, நம் தர்மபுரி அடங்கிய பாராமகால் கிழக்கிந்தியக் கம்பெனிக்குப் போனது. அலெக்சாண்டர் ரீடும் அவருக்குக் கீழே தாமஸ் மன்றோவும் இங்கே நிலவரி போட்டார்கள். ஜமீன்தாரை நடுவில் வைக்காமல் ஒவ்வொரு குடியானவன் பெயரிலும் தனித்தனிக் கணக்கு என்கிற ரயத்துவாரி முறை உருவெடுத்த இடங்களில் இதுவும் ஒன்று. மன்றோ தர்மபுரியிலேயே தங்கியிருந்தவர். ஆளுக்கு ஒரு வரி, வரிக்கு ஒரு தொகை என்று கட்டம் போட்ட கணக்கு இந்த ஊருக்குப் புதிதில்லை என்பதற்காகச் சொல்கிறேன்.)

சரி, பூட்டுக்கு வருவோம். பெரும்பாலானவர்கள் இடறி விழுகிற இடம் முதல் படியிலேயே இருக்கிறது. வட்டிக் கட்டங்களை மட்டும் தேர்ந்தெடுத்து, ரிவ்யூ பகுதிக்குப் போய் 'புரொடெக்ட் ஷீட்' கொடுப்பார்கள். உடனே தாள் முழுக்கப் பூட்டிக்கொள்ளும். சேமிப்பு அடிக்க முடியாது, பெயர் மாற்ற முடியாது, எதைத் தொட்டாலும் எச்சரிக்கை வரும். "இது சரிப்பட்டு வராது" என்று கழற்றிப் போட்டுவிடுவார்கள். அதோடு பூட்டு என்கிற பேச்சே முடிந்தது.

எக்ஸெல்லில் எல்லாக் கட்டமும் பிறக்கும்போதே 'லாக்டு' என்ற குறியோடுதான் பிறக்கிறது. தாளுக்குக் காப்புப் போடாத வரை அந்தக் குறிக்கு வேலை இல்லை, போட்ட நொடியில் எல்லாமே இறுகிவிடும். ஆகவே எதைப் பூட்டுவது என்று யோசிக்காமல் எதைத் திறந்துவிடுவது என்று யோசிக்க வேண்டும்.

நான் செய்கிற முறை இது. தாளின் இடது மேல் மூலையில் இருக்கிற சின்ன முக்கோணத்தைச் சொடுக்கினால் மொத்தத் தாளும் தேர்வாகும். கண்ட்ரோலும் 1-ம் சேர்த்து அழுத்தி, 'புரொடெக்‌ஷன்' என்ற பக்கத்தில் 'லாக்டு' குறியை எடுத்துவிட வேண்டும். இப்போது எல்லாமே திறந்து கிடக்கும். அடுத்து எஃப்5, அதில் 'ஸ்பெஷல்', அதில் 'ஃபார்முலாஸ்'. ஓகே கொடுத்தால் தாளில் எங்கெங்கே ஃபார்முலா இருக்கிறதோ அத்தனையும் ஒரே வீச்சில் தேர்வாகிவிடும். மறுபடி கண்ட்ரோல் 1, 'லாக்டு' குறியைப் போடு. தலைப்பு வரிசை, எழுதி முடித்த உறுப்பினர் பெயர்கள், வட்டி விகிதம் எழுதிய கட்டம், மூன்றையும் இதேபோல் கையோடு பூட்டிவிடு. கடைசியாக ரிவ்யூ, 'புரொடெக்ட் ஷீட்'. அவ்வளவுதான்.

அந்த எஃப்5 வித்தைக்கு இன்னொரு பயனும் உண்டு. வட்டிப் பத்தி முழுக்கத் தேர்வாகி நடுவில் ஒரு கட்டம் மட்டும் தேர்வாகாமல் நின்றால், அங்கே யாரோ கையால் அடித்திருக்கிறார்கள் என்று அர்த்தம். அந்த 240-ஐ நான் அக்காக்களுக்கு அப்படித்தான் காட்டினேன்.

காப்புப் போடும்போது ஒரு பட்டியல் வரும். அதில் 'செலக்ட் லாக்டு செல்ஸ்' என்பதை எடுத்துவிட்டால் பூட்டிய கட்டத்துக்குள் கர்சரே போகாது. அம்பு விசையைத் தட்டினாலும் திறந்த கட்டத்திலிருந்து அடுத்த திறந்த கட்டத்துக்குத் தாவும், அடிப்பதற்கு வேகமாக இருக்கும். ஆனாலும் குழுக் கணக்கில் அந்தக் குறியை எடுக்க வேண்டாம் என்பேன். வட்டி எப்படி வந்தது என்று யாராவது கேட்டால் கட்டத்தின் மேல் வைத்துக் காட்ட முடிய வேண்டும். அதே காரணத்துக்காக, ஃபார்முலாவை மறைக்கும் 'ஹிட்டன்' வசதியும் வேண்டாம். கம்பெனிக்காரர்கள் விலை ரகசியத்தை மறைக்கட்டும். குழுவில் பணம் போட்ட எல்லாருக்கும் அந்தக் கணக்கின் வயிற்றைத் திறந்து பார்க்க உரிமை உண்டு.

திறந்த கட்டங்களுக்கு மஞ்சள் அடித்துக் கொடுத்தேன். "மஞ்சள்ல மட்டும் கை வைங்கக்கா, மத்ததுல அதுவே போட்டுக்கும்." பயிற்சி அத்தனையும் இந்த ஒரு வாக்கியம்தான். மெனு, டேப், ஷீட் என்று ஆரம்பித்திருந்தால் பாதிப் பேர் எழுந்து போயிருப்பார்கள்.

மாதம் முடிகிறபோது அந்த மாதத்து மஞ்சளையும் பூட்டிவிட வேண்டும். பேரேட்டின் இரட்டைக் கோட்டுக்கு எக்ஸெல்லில் இதுதான் ஈடு. புது மாதத்துக்குப் பழைய தாளை நகல் எடுக்கிற பழக்கத்தையும் நிறுத்திவிட்டோம். ஏப்ரலிலேயே மார்ச் வரைக்கும் தாள்களைத் தயார் செய்து, ஒவ்வொரு மாதத் தொடக்க நிலுவையும் முந்தின மாதத் தாளிலிருந்து தானாக வரும்படி செய்தாயிற்று. அதன் மேல் 'புரொடெக்ட் ஒர்க்புக்'. இது போட்டிருந்தால் தாளை அழிக்கவோ பெயர் மாற்றவோ இடம் மாற்றவோ முடியாது.

புது உறுப்பினர் சேர்ந்தால்? பூட்டிய தாளில் வரிசை நுழைப்பது தொல்லை. அனுமதி கொடுத்தாலும் புது வரிசைக்கு ஃபார்முலா இறங்கும் என்று உறுதி இல்லை. நல்லவேளை, ஒரு குழுவில் 20 பேருக்கு மேல் சேர்க்க மாட்டார்கள். முதலிலேயே 20 வரிசைக்கும் ஃபார்முலா போட்டு, பெயர் இல்லாத வரிசை காலியாகத் தெரியும்படி செய்துவிட்டால் தீர்ந்தது.

பூட்டு போட்ட பிறகும் ஓட்டை உண்டு. அடிக்கடி வருவது, காப்பி பேஸ்ட். பூட்டிய கட்டத்திலிருந்து எண்ணைக் காப்பி செய்து மஞ்சள் கட்டத்தில் ஒட்டினால், எண்ணோடு அந்த 'லாக்டு' குறியும் கூடவே வந்து ஒட்டிக்கொள்ளும். இதுவரை அடிக்க முடிந்த கட்டம் திடீரென்று அடம்பிடிக்கும். 'வேல்யூஸ்' மட்டும் ஒட்டினால் இந்தத் தொல்லை இல்லை. கட் செய்து ஒட்டுவது அதைவிட மோசம். மஞ்சள் கட்டத்தை வெட்டி வேறிடத்தில் வைத்தால், அதை நம்பியிருந்த ஃபார்முலாவும் பின்னாலேயே ஓடும். பூட்டிய ஃபார்முலாதான், யாரும் தொடவில்லைதான், இருந்தும் மாறியிருக்கும்! இதற்குப் பூட்டில் வழி இல்லை. கட் செய்யாதீர்கள் என்று சொல்லி வைப்பதுதான் வழி. சேமிப்புக் கட்டத்தில் இவ்வளவு முதல் இவ்வளவு வரைதான் என்று 'டேட்டா வேலிடேஷன்' போட்டு வைத்தால் கூடுதலாக ஒரு பூஜ்யம் அடித்தாலும் தடுக்கும். அதுவும் கையால் அடித்தால்தான், ஒட்டினால் தாண்டிவிடும்.

எக்ஸெல்லே கை வைப்பதும் உண்டு. 3-4 என்று அடித்தால் தேதியாக்கிவிடும். வங்கிக் கணக்கு எண்ணின் முன்னால் இருக்கிற பூஜ்யத்தை விழுங்கிவிடும். 15 இலக்கத்துக்கு மேல் போனால் மிச்சத்தைப் பூஜ்யமாக்கிவிடும். கணக்கு எண் பத்தியை முதலிலேயே 'டெக்ஸ்ட்' என்று வைத்துவிடுங்கள். மனித ஜீன்களுக்குப் பெயர் வைக்கிற அமைப்பே எக்ஸெல்லோடு போராட முடியாமல், மார்ச் 1, செப்டம்பர் 1 என்று தேதியாக மாறிக்கொண்டிருந்த ஜீன்களின் பெயரை மாற்றிக்கொண்டது. அதற்கான விதிமுறை 2020-இல் வந்தது. நாமெல்லாம் எம்மாத்திரம்.

பாஸ்வேர்டு பற்றிப் பேச வேண்டும். குழுவில் முதல் கேள்வியே "பாஸ்வேர்டு போட்டா ஒருத்தரும் ஒண்ணும் பண்ண முடியாதுங்களா?" என்பதுதான். முடியும். எக்ஸ்எல்எஸ்எக்ஸ் கோப்பு உண்மையில் ஒரு ஜிப் பொட்டலம். அதற்குள் தாளின் காப்பு என்பது ஒரு வரிக் குறிப்பு, அவ்வளவே. விவரம் தெரிந்த பையன் யாராக இருந்தாலும் அந்த வரியை எடுத்துவிடுவான். தாள் காப்பைப் பாதுகாப்பு அம்சமாக நம்ப வேண்டாம் என்று மைக்ரோசாஃப்டே சொல்கிறது. கோப்பையே திறக்க முடியாமல் செய்ய 'என்கிரிப்ட் வித் பாஸ்வேர்டு' என்று தனியாக உண்டு. அது நிஜப் பூட்டு, மறந்தால் மைக்ரோசாஃப்டாலும் திறந்து தர முடியாது. குழுக் கணக்குக்கு அது தேவையே இல்லை என்பது என் அபிப்பிராயம். நமக்கு வேண்டியது பஸ் குலுங்கும்போது விரல் பட்டு அழியாமல் இருப்பது. அதற்குத் தாள் காப்பு போதும். பாஸ்வேர்டைத் தீர்மானப் புத்தகத்திலேயே எழுதி வைக்கச் சொன்னேன். ஒளிக்க அதில் ஒன்றும் இல்லை. பூட்டைத் திறந்து ஃபார்முலாவை மாற்றினால், என்ன மாற்றினோம் என்று அதே புத்தகத்தில் ஒரு வரி எழுதி ஊக்குநரும் பிரதிநிதிகளும் கையெழுத்துப் போட வேண்டும். எக்ஸெல் வைக்காத தடயத்தை நோட்டு வைக்கட்டும்.

பூட்டுவதற்கு முன் ஒரு வேலை இருக்கிறது. பலர் விட்டுவிடுவது அதைத்தான். ஃபார்முலா சரியா என்று பார்ப்பது. தப்பான ஃபார்முலாவைப் பூட்டினால் தப்பு பத்திரமாக இருக்கும். கார்மென் ரைன்ஹார்ட், கென்னத் ரோகாஃப் என்று இரண்டு பெரிய பொருளாதார அறிஞர்கள், நாடுகளின் கடனையும் வளர்ச்சியையும் பற்றி 2010-இல் ஒரு கட்டுரை எழுதினார்கள். அரசுகள் செலவைக் குறைக்க வேண்டும் என்று வாதிட்டவர்களெல்லாம் அதை மேற்கோள் காட்டினார்கள். 2013-இல் மாசச்சூசெட்ஸ் பல்கலைக்கழகத்தில் தாமஸ் ஹெர்ண்டன் என்ற மாணவர் அவர்களுடைய எக்ஸெல் கோப்பைக் கேட்டு வாங்கிப் பார்த்தார். 20 நாடுகளின் சராசரி எடுக்க வேண்டிய ஃபார்முலா ஐந்து நாடுகளை விட்டுவிட்டு நின்றிருந்தது. கட்டுரையில் வேறு குறைகளும் சொன்னார்கள், ஆனால் உலகம் பிடித்துக்கொண்டது அந்த விடுபட்ட வரிசைகளைத்தான். நம் குழுத் தாளில் இதே கதை பதின்மூன்றாவது உறுப்பினரை எழுதி, கூட்டுத்தொகை பன்னிரண்டோடு நின்றுபோகும்போது நடக்கும். அதனால் பூட்டுவதற்கு முன் ஒரு மாதக் கணக்கை மட்டும் கையால் போட்டுப் பேரேட்டோடு ஒப்பிடச் சொல்கிறேன். நிலுவை சரியா, வட்டி சரியா, மொத்தம் ரொக்கப் புத்தகத்தோடு ஒத்துப்போகிறதா, இவ்வளவு பார்த்தால் போதும்.

இவ்வளவும் செய்து முடித்த பிறகு வந்த பிரச்சினை வேறு. கோப்பு வாட்ஸாப்பில் ஊர்வலம் போக ஆரம்பித்தது. ஊக்குநரிடம் ஒன்று, பிரதிநிதிகளிடம் ஆளுக்கொன்று, ஊராட்சிக் கூட்டமைப்புக் கணக்காளரிடம் ஒன்று. எல்லாமே பூட்டியவைதான், ஆனால் மஞ்சளில் ஆளுக்கொரு எண். எது அசல்? பூட்டு இதற்குப் பதில் சொல்லாது. கூகுள் ஷீட்ஸுக்கு மாற்றினோம். கோப்பு ஒன்றே ஒன்று, எல்லாரும் அதையே பார்ப்பார்கள். 'டேட்டா' பகுதியில் 'புரொடெக்ட் ஷீட்ஸ் அண்ட் ரேஞ்சஸ்' என்று இருக்கிறது. எக்ஸெல் மாதிரி பாஸ்வேர்டு இல்லை, ஆள் கணக்குதான். இந்த இடத்தை இன்ன மெயில் ஐடிக்காரர் மட்டும் திருத்தலாம் என்று வைக்கலாம். மொத்தத் தாளையும் பூட்டி 'இவை தவிர' என்று மஞ்சளை மட்டும் விடலாம். அல்லது தடுக்காமல், "இதை மாற்றத்தான் வேண்டுமா?" என்று ஒரு எச்சரிக்கை மட்டும் காட்ட வைக்கலாம். குழுவுக்கு எனக்குப் பிடித்தது இந்தக் கடைசி வகைதான். விரல் தவறினால் நிறுத்தும், வேலை இருந்தால் விடும்.

காகிதப் பேரேட்டின் குணம் இங்கேதான் திரும்பி வருகிறது. கட்டத்தின் மேல் வலது பொத்தான் அழுத்தி 'ஷோ எடிட் ஹிஸ்டரி' கொடுத்தால், முன்பு என்ன இருந்தது, யார் எப்போது மாற்றினார்கள் என்று வரிசையாகக் காட்டும். மொத்தக் கோப்பையும் பழைய நிலைக்குத் திருப்ப 'வெர்ஷன் ஹிஸ்டரி' இருக்கிறது. ஒரு கோடு அடித்து மேலே எழுதிச் சுருக்கொப்பம் போட்ட மாதிரிதான். மலைமேல் இருக்கிற சித்தேரி, வத்தல்மலை பக்கத்துக் குழுக்கள் சிக்னலுக்கு என்ன செய்வது என்று கேட்கிறார்கள். ஆஃப்லைன் வசதி உண்டு. ஆனால் இரண்டு பேர் சிக்னல் இல்லாமல் ஒரே கட்டத்தில் அடித்தால் யாராவது ஒருவருடையதுதான் நிற்கும். அங்கே இன்னும் கொஞ்ச காலம் நோட்டுதான் முதல் கணக்கு, ஷீட் அதன் நகல் என்று வைத்துக்கொள்வது நல்லது.

கூகுளில் ஒரு சங்கதியைக் கடைசியில்தான் கவனித்தோம். எவ்வளவு காப்புப் போட்டாலும் கோப்பின் உரிமையாளரை அது தடுக்காது. அந்தக் கோப்பு கணக்கு எழுதுகிற அக்காவின் சொந்த ஜிமெயிலில் இருந்தது. அவருடைய மகன் ஓசூரில் வேலைக்குப் போய், "அம்மா, இங்கேயே வந்துடு" என்று கூப்பிட்டுக்கொண்டிருக்கிறான். அவர் போனால் கோப்பும் அவரோடு போகும். குழுவின் பெயரிலேயே ஒரு மெயில் ஐடி ஆரம்பித்து உரிமையை அதற்கு மாற்றலாம் என்றேன். எல்லாரும் தலையாட்டினார்கள். கணக்கைத் திறக்கும்போது கூகுள் ஒரு போன் நம்பர் கேட்டது.

"யார் நம்பரைக் கொடுக்கறது?"

ஊக்குநர் தன் நம்பர் என்றார். முதல் பிரதிநிதி, "அப்ப நாங்க எதுக்கு?" என்றார். இன்னொரு அக்கா, "என் நம்பரு வூட்டுக்காரரு பேருல இருக்குது, வேணாம்" என்றார். அரை மணி நேரம் பேசிவிட்டு, தீர்மானப் புத்தகத்தில் எழுதி அடுத்த கூட்டத்துக்குத் தள்ளி வைத்திருக்கிறார்கள்.